குடைச்சல் என்று பெயர் எடுத்தவள்

அந்த நாற்காலிப் பட்டறையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதலாளி ஒருநாள் எரிச்சலில் "வந்துட்டா குடைச்சல்" என்று சொல்லிவைக்க, அதுவே ஒட்டிக்கொண்டது.

குடைதல் என்றால் துளைத்துக்கொண்டே உள்ளே போவது. வண்டு மரத்தைக் குடைகிறது. மூட்டில் வலி குடைகிறது. அப்படி உள்ளே புகுந்து விடாமல் படுத்துவதால்தான் அன்றாடத் தொல்லைக்கும் குடைச்சல் என்கிறோம்.

நாற்காலிக் கால்களில் துளை போடுவது அவள் வேலை. புதிதாக வருபவர்கள் டிரில் மிஷினை ஒரே மூச்சில் அழுத்துவார்கள். தூள் அடைத்து, துளைக்கும் முனை சூடேறி முறியும். அவள் கொஞ்சம் இறக்குவாள், வெளியே எடுத்துத் தூளைத் தட்டுவாள், மறுபடி இறக்குவாள்.

முதலாளியிடமும் அப்படித்தான். அவள் தங்கை அதே கூடத்தின் கடைசி மூலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பவள். மரத்தூள் நெஞ்சில் இறங்கி, வாயைத் திறந்தாலே இருமல். தூளுக்கு நடுவில் இருந்தால் மருந்து கேட்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தூளை வெளியே இழுக்க அந்த மூலையில் ஒரு விசிறி வேண்டும். காலையில் கேட்பாள், போய்விடுவாள். சாயங்காலம் வந்து கேட்பாள்.

"ஏம்மா, என் உயிரை எடுக்கவே வர்றியா?"

"உங்க உயிர் எனக்கெதுக்கு முதலாளி? ஒரு விசிறி போதும்."

"வாங்கிடலாம். பலகைச் சுவரை யார் அறுக்கிறது? ஆள் கிடைக்கட்டும்."

"கிடைச்சா வாங்குவீங்கல்ல?"

"வாங்குறேன், போ."

மறுநாள் கடைக்குப் போய் விசிறியை அளந்துவிட்டு வந்தாள். சாப்பாட்டு நேரத்தில் சுவரில் சாக்கட்டியால் வட்டம் போட்டு, கோட்டின் மேலேயே நெருக்கி நெருக்கித் துளை போட்டாள்.

"அக்கா, சீட்டைக் கிழிச்சிடுவாரு."

"கிழிக்கட்டும். நீ தள்ளி நில்லு, தூள் பறக்குது."

கடைசித் துளை விழுந்ததும் உள்ளங்கையால் ஒரு தட்டு. பலகை வட்டமாக வெளியே விழுந்தது. சத்தம் கேட்டு முதலாளி ஓடிவந்தார். முதன்முறையாக அந்த மூலையில் வெயில் பாய்ந்திருந்தது. அந்த வெளிச்சத்தில் தூள் திரைபோலத் தொங்கியது.

"ஆள் கிடைச்சாச்சு முதலாளி," என்றார் பாலிஷ்காரர், சோற்றுத் தட்டைக் கீழே வைக்காமலே.

திட்டுவதற்காக வாயைத் திறந்தவருக்கு இருமல்தான் வந்தது. துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு தூளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வண்டிச் சாவியை எடுத்தார்.

"எத்தனை அங்குலம்?"

"பன்னிரண்டு. வலை போட்டதா பார்த்து வாங்குங்க. இன்னிக்கே."

அவர் முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினார். அவள் அரத்தை எடுத்து ஓட்டையின் விளிம்பை ராவத் தொடங்கினாள்.