கங்கப்பனின் இழுவை வண்டி

ரோட்டில் செத்து நிற்கும் லாரிகளை இழுத்து வருவதுதான் பாகலூர் கங்கப்பனின் தொழில். அவனுடைய இழுவை வண்டியும் பழசு. அது மேடு ஏறும்போது பக்கத்தில் மேய்கிற ஆடு முந்திக்கொண்டு போய், உச்சியில் நின்று திரும்பிப் பார்க்கும் என்பார்கள். ஆடு என்பது பொய். நான் பார்த்தபோது அது கோழி.

அதனால் பாரத்தோடு நிற்கும் லாரியை அவன் தொடவே மாட்டான். சரக்கை வேறு வண்டிக்கு மாற்றச் சொல்லி, காலி லாரியைத்தான் இழுப்பான். அவ்வளவு நேரம் காத்திருக்க யாருக்குப் பொறுமை? லாரிக்காரர்கள் வேறு ஆளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

கங்கப்பன் ஓசூரில் மெஹபூப் பாஷாவின் பட்டறைக்குப் போனான். டர்போ ஏறியது, டீசல் பம்ப் மாறியது, ரேடியேட்டர் பெரிதானது.

"இழுவை வந்துடும் கங்கப்பா. உன் பிரேக்கையும் பார்த்து, பின்னால வர்ற லாரிக்கும் பிரேக்குக்குக் காத்து போற மாதிரி குழாய் போட்டுடலாமா?"

"இழுக்கவே முடியாதவனுக்கு நிறுத்தறது ஒரு கவலையா பாய்?"

பாஷா சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "இனிமே இழுக்கும்," என்றார்.

இழுத்தது. அது கக்கிய கரும்புகையில், குந்தாரப்பள்ளிச் சந்தையில் வெள்ளை மாடு வாங்கியவன் வீட்டில் போய்ப் பார்த்தால் எருமை நின்றதாம்.

எஞ்சின் செத்த லாரிக்குக் காற்று கிடைக்காமல் பிரேக் இறுகிக்கொள்ளும். அதைத் தளர்த்திவிட்டுத்தான் இழுக்க முடியும். முன்னால் கங்கப்பன். நடுவில் ஓர் இரும்புக் கம்பி. பின்னால் பிரேக் இல்லாத லாரியில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஆஞ்சப்பன். கங்கப்பன் மனைவி பூங்கொடியின் ஒரே தம்பி அவன்.

ஒரு நாள் கிரானைட் பாரத்தோடு ஒரு லாரி. மேட்டில் வண்டி முக்கவே இல்லை. இறக்கத்தில்தான் பாரம் பின்னாலிருந்து தள்ளத் தொடங்கியது. பிரேக் தீய்ந்து நாறியது. கங்கப்பன் மிதித்தான், வண்டி தன்பாட்டுக்குப் போனது. ரோட்டோர மண்குவியலில் ஏறி, இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன.

ஆஞ்சப்பன் இறங்கினான். ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்கள் இன்னும் மடங்கியே இருந்தன.

"மாமா, நீங்க என்னை இழுக்கல. நான்தான் உங்களைத் தள்ளிக்கிட்டு வந்தேன்."

பஸ் ஏறிப் போனவன் திரும்பவில்லை. டீக்கடையில் கங்கப்பன் மேடு ஏறின கதையை மட்டும் சொன்னான். கேட்டவர்கள் கூப்பிடத் தொடங்கினார்கள்.

அடுத்து, மாட்டுத்தீவன மூட்டைகளோடு ஒரு லாரி. பின்னால் உட்கார ஆளில்லை. அன்றைக்குப் பார்த்து, வேண்டாமென்று சொல்லியும் கேட்காமல் கூடவே வந்திருந்தாள் பூங்கொடி. தோட்டத்து டிராக்டரை ஓட்டிப் பழகியவள். செத்த லாரியில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"என் தம்பி உக்காந்த இடந்தானே."

"இறங்குடி. வேற ஆள் வருவான்."

"அவனுக்கும் ஒரு அக்கா இருப்பா."

"வீம்பா? இருடி, மேடு ஏறினப்புறம் பார்க்கலாம்."

கோபத்தோடுதான் கிளப்பினான். எஞ்சினுக்கு மூட்டையும் தெரியவில்லை, அவளும் தெரியவில்லை. அப்படி ஏறியது. உச்சியில் கண்ணாடியைப் பார்த்தான். லாரியின் முகம் முழுக்கத் தெரிந்தது, அவள் தெரியவில்லை. கீழே ரோடு நேராக இறங்கிக் கிடந்தது.

ஓரங்கட்டி நிறுத்தினான். கற்களைப் பொறுக்கி வந்து சக்கரங்களுக்கு முன்னால் வைத்தான்.

"இறங்கு பூங்கொடி."

"மூட்டை இறங்கட்டும்."

அவன் போனை எடுத்தான். சந்தை நாள் என்பதால் சுமையாட்கள் வரத் தாமதமாகும் என்றார்கள். வெயில் ஏறியது. இணைத்திருந்த கம்பி அவ்வப்போது முனகியது. முன்சக்கரத்துக்கு வைத்த கல், இளகிய தாரில் மெல்ல மெல்லப் புதைந்துகொண்டிருந்தது.

கங்கப்பன் இன்னும் பெரிய கல்லாகத் தேடி ஓடினான்.