றெனால்டின் கைக்கு வந்த வாள்

மன்னார்க் கரையோரத்து அரிப்பு என்ற ஊரைச் சேர்ந்த றெனால்ட் இருபது வருடம் கடலட்டை பிடிக்கச் சுழியோடியவர். நாற்பத்து மூன்று வயதில், ஒருநாள் கடலடியில் இருக்கும்போதே முதுகிலிருந்த சிலிண்டரில் காற்று தீர்ந்துபோனது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே எத்தில் மேலே வந்தார். வள்ளத்தில் ஏறி, "தப்பிட்டன்" என்று சொல்லிச் சிரித்தாராம். கரை வந்து சேர்வதற்குள் இடதுகால் மரத்துவிட்டது. ஆழத்திலிருந்து விரைந்து வருகிறவர்களின் இரத்தத்தில் காற்றுக் குமிழ்கள் கட்டும். அவை முதுகுத்தண்டைத் தாக்கியிருந்தன. கொழும்பில் நீண்ட வைத்தியத்துக்குப் பிறகு உயிர் மிஞ்சியது. இடதுகாலில் பாதிப் பலம்தான் திரும்பியது.

ஊன்றுகோலோடு நடந்தார். ஆனாலும் விழுந்தார். கிணற்றடியில் விழுந்தார், கோயில் படியில் விழுந்தார். ஒருமுறை மன்னார் நகரத்தில் மருந்துக்கடை வாசலிலேயே விழுந்தார். கடைக்குள்ளிருந்து ஓடிவந்து தூக்கிவிட்டவன் இன்சாப். அவனுடைய பெற்றோர் போர்க்காலத்தில் மன்னாரை விட்டு இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்தபோது பிறந்தவன். இப்போது மன்னார் நகரத்து உப்புக்குளத்தில் குடும்பத்தோடு இருந்தான். பகலில் மருந்துக்கடையில் வேலை. பின்னேரங்களில் ஒரு மண்டபத்தில், கொழும்பில் தான் பழகிய சீனத்துப் பயிற்சிகளைச் சிலருக்குச் சொல்லிக்கொடுத்தான்.

"சண்டை பிடிக்க இல்ல அண்ணன். கால் எங்க நிக்குதெண்டு உடம்புக்குத் திரும்பவும் தெரியவேணும். ஒருக்கா வந்து பாருங்கோ."

றெனால்ட் போனார். முதலில் மெதுவாகக் கால் மாற்றி நிற்கும் பயிற்சி. பிறகு கையில் ஒரு மரவாள். சீனத்து நேர்வாளின் அளவில் செய்தது. வாளை நீட்டினால் உடம்பின் பாரம் ஒரு பக்கம் போகும். அதை மற்றக் கால் தாங்க வேண்டும். தாங்கப் பழகினால் விழமாட்டார். ஒரு வருடத்தில் விழுவது குறைந்தது. ஆனால் மரவாளுக்குப் பாரம் போதவில்லை. இனி இரும்பு வாள் வேண்டும் என்றான் இன்சாப்.

அந்தச் சொல்தான் வீட்டில் நெருப்பாகியது.

றெனால்டின் மனைவி நிறஞ்சலாவுக்கு ஒரே ஒரு தம்பி இருந்தான், பத்திநாதன். வேலை தேடி வேறு ஊருக்குப் போயிருந்தவனை, வேறு யாரோ என்று நினைத்து, முகத்தை மூடிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் வாளால் வெட்டினார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டான். சடலத்தைக் குளிப்பாட்டியபோது அவனுடைய கைகளை நிறஞ்சலா பார்த்திருந்தார். வெட்டைத் தடுக்க நீட்டிய கைகள்.

"மரத்தைச் சுழட்டினீங்கள், நான் ஒண்டும் சொல்லேல்ல. வாள் எண்டு சொல்லிக்கொண்டு என்ர முகத்தில முழிக்காதேங்கோ."

"கூரில்லாத வாள், நிறஞ்சலா."

"தம்பியை வெட்டின வாளும் ஒரு நாள் கூரில்லாமல்தான் இருந்திருக்கும்."

றெனால்ட் இரண்டு வாரம் பயிற்சிக்குப் போகாமல் இருந்தார். அந்த இரண்டு வாரத்துக்குள் மறுபடியும் விழுந்தார். இந்த முறை உதடு கிழிந்தது. நிறஞ்சலா இரத்தத்தைத் துடைத்துவிட்டார். பிறகு, "நானும் வாறன். எனக்கு அதைப் பாக்கவேணும்" என்றார்.

மண்டப மேசையில் இன்சாப் இரண்டு வாள்களை வைத்திருந்தான். கொழும்பிலுள்ள ஒரு நண்பன், ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கொடுத்துவிட்டவை. பழைய சீன வாள்களைப் பார்த்து இந்தக் காலத்தில் செய்யப்பட்டவை. மண்ணிற உறை, பித்தளைக் கைக்காப்பு, பிடியின் முடிவில் சிவப்புக் குஞ்சம் என்று இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்போல் இருந்தன. தராசிலும் ஒரே நிறைதான் என்றான் இன்சாப்.

"பேந்தென்ன, ஏதாவது ஒண்டை எடுங்கோவன்" என்றார் நிறஞ்சலா.

"கையில பிடிச்சாத்தான் வித்தியாசம் அக்கா."

றெனால்ட் முதலாவது வாளை உருவினார். அலகு பிடியிலிருந்து நுனிவரை ஒரே தடிப்பு. விளிம்பு விரல்போல் மொத்தையாக உருண்டிருந்தது, வெண்ணெயைக்கூட வெட்டாது. நிறஞ்சலாவின் முகத்தைப் பார்த்தபடி, "இதுவே போதும்" என்றார். வலக்கையால் அதை நீட்டி இடதுகாலில் நின்றார். பாரம் நுனிப்பக்கம் தள்ளி நின்றதால் வாள் கையை இழுத்தது, கை தோளை இழுத்தது. இன்சாப் ஓடிவந்து பிடித்திராவிட்டால் முகம் தரையில் அடிபட்டிருக்கும். இன்னொரு தரம் முயன்றார். அதே கதை.

இரண்டாவது வாளின் அலகு நுனியை நோக்கிப் போகப்போக மெலிந்துகொண்டே போனது. விளிம்பும் மெலிவுதான். இன்னும் கூர் வைக்கவில்லை என்றாலும், வைத்தால் கூர் ஏறிவிடும். அதன் பாரம் கைக்காப்புக்குக் கிட்டவே நின்றது. றெனால்ட் அதைத் தொடவில்லை.

"எடுங்கோ அண்ணன்."

"வேண்டாம் தம்பி. முதலாவதையே பழகுவம்."

"எடுங்கோ" என்றார் நிறஞ்சலா.

எடுத்தார். வாளை மெல்ல நீட்டினார், வலதுகாலைத் தரையிலிருந்து உயர்த்தினார். இடதுகாலின் தசை துடித்தது தெரிந்தது. ஆனால் நின்றார். மூச்சை விட்டு, மறுபடி இழுத்து, அப்படியே நின்றார். வாள் நுனி அசையவில்லை. விபத்துக்குப் பிறகு அந்தக் காலில் மட்டும் அவர் நின்றதை நிறஞ்சலா அன்றுவரை கண்டதில்லை. வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டார்.

பிறகு கிட்டப் போய், அலகில் விரலை வைத்தார். விளிம்பு வழியே நுனிவரை தடவினார்.

"தம்பி, அரம் இருக்கே?"

"அரமோ? எதுக்கு அக்கா?"

"இந்த விளிம்பை நான் மழுக்கவேணும். யாரும் எடுத்துத் தீட்டினாலும் லேசில கூர் வரக்கூடாது."

இன்சாப் தயங்கினான். அலகின் அழகு போய்விடும், திருப்பி அனுப்பவும் முடியாது என்றான். றெனால்ட், "குடு தம்பி. அவள் மழுக்கட்டும்" என்றார்.

பக்கத்து சைக்கிள் கடையிலிருந்து அரம் வந்தது. வாளைப் பழைய துணியில் கிடத்தி, நிலத்தில் அமர்ந்து, நிறஞ்சலா ராவத் தொடங்கினார். உருக்கு இலேசில் இடம்கொடுக்கவில்லை. இன்சாப் உதவ வந்தபோது வேண்டாமென்று கையைக் காட்டினார். ஒரு பக்கம் முடிந்ததும் மறுபக்கம் திருப்பினார். நடுவில் ஓரிடத்தில் அழுகை வந்தது, அழுதுகொண்டே ராவினார். றெனால்ட் அவருக்கு எதிரே, அலகு நகராமல் துணியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.  முடிந்ததும் நிறஞ்சலா தன் உள்ளங்கையை விளிம்பில் வைத்து, பாரம் கொடுத்து, பிடியிலிருந்து நுனிவரை இழுத்துப் பார்த்தார். தோல் வெட்டுப்படவில்லை, சிவந்த கோடு மட்டும் விழுந்தது.

"இனிப் பழகுங்கோ. ஆனா வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. வாள்வெட்டு நடக்கிற இந்தக் காலத்தில வாள் இருக்கிற வீட்டுக்குப் பொலிஸ் வந்தா யாருக்குக் கதை சொல்லுறது? எனக்கும் அதோட ஒரே வீட்டில படுக்க ஏலாது."

அப்படியே நடந்தது. வாள் மண்டபத்து அலுமாரியில் இருந்தது. றெனால்ட் வாரத்தில் மூன்று பின்னேரம் பஸ்ஸில் போய்ப் பழகினார். கடலுக்கு அவர் திரும்பவில்லை. கரையில் கிழிந்த வலை பொத்தும் வேலை எடுத்தார். இடதுகால் இன்றும் சற்று இழுக்கும். நிறஞ்சலா அந்த மண்டபத்துக்குப் பிறகு ஒருநாளும் போகவில்லை. பழக்கம் எப்படி என்று கேட்பதுமில்லை. ஆனால் பயிற்சி நாட்களில் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று அவர்தான் முதலில் சொல்வார்.

அந்த வருடம், இறந்தவர்களை நினைக்கும் ஆத்துமாக்கள் திருநாளில் இருவரும் கல்லறைகள் இருக்கும் சேமக்காலைக்குப் போனார்கள். மழை பெய்து ஓய்ந்த மணல், கால் புதைந்தது. றெனால்ட் ஊன்றுகோலை வெளிக் கேற்றில் சாத்திவிட்டு, மெழுகுதிரிகளை ஒரு கையிலும் பூவை மறு கையிலும் எடுத்துக்கொண்டார். பத்திநாதனின் கல்லறைவரை நிறஞ்சலா அவருக்குப் பக்கத்திலேயே நடந்தார். அவருடைய தோளைப் பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டியிருக்கவில்லை.