மஞ்சள் குடித்த கார்

வெயிலில் கிடந்த எங்கள் காரின் கதவைத் திறந்தால் முதலில் மூக்கில் ஏறுவது பெட்ரோல் வாடை அல்ல, அழுகிய வெற்றிலையின் வாடை. பின்சீட்டுப் பஞ்சுக்குள்ளும் காலடிச் சாக்குக்குள்ளும் அது ஊறிப்போயிருந்தது. அம்மா சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தாள், ஊதுபத்தி கொளுத்தி வைத்தாள், எலுமிச்சம்பழத்தை அறுத்துப் போட்டாள், ஒன்றுக்கும் போகவில்லை. அந்த வாடைக்குக் காரணம் என் பெரியப்பா. அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னால் என்னால் முடியாது. அதனால் உள்ளதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் விளாங்குடியில் எங்கள் தெருவில் கார் இருந்த ஒரே வீடு எங்கள் வீடு. பணக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அப்பா மில் ஆபீசில் கிளார்க்கு. யாரோ ஒரு டாக்டர் ஓட்டித் தேய்த்த சின்னக் கார் அது, பின்னால் மூன்று பேர் உட்கார்ந்தால் நாலாவது ஆள் மடியில்தான். அம்மாதான் அதை வாங்க வைத்தாள். நத்தத்துக்கு அந்தப் பக்கம் உள்ளே தள்ளி இருந்த ஊரில் அவளுடைய அப்பா, என் தாத்தா, இடுப்பு ஒடிந்து கட்டிலில் கிடந்தார். அம்மா ஒரே பிள்ளை. அந்த ஊருக்குக் காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். "எங்கப்பன நெனச்சப்ப போய்ப் பாக்கணும், அதுக்குத்தேன் வண்டி" என்று வாங்குவதற்கு முன்பே அம்மா சொல்லிவிட்டாள். அப்பாவும் தலையை ஆட்டினார். அப்பா யார் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டுவார் என்பது பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

அந்தக் காரைக் கிளப்புவதே ஒரு சடங்கு. முதலில் பேட்டரி முனைகளில் பூத்திருக்கும் வெள்ளைப் பூவைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். "சோக்கை" இழுத்துப் பிடித்துக்கொண்டு "செல்ப்" அடித்தால், தொண்டை கட்டிய ஆடு மாதிரி நாலு தடவை கனைத்துவிட்டு அடங்கிவிடும். பிறகு முன்பக்கம் "ஹேண்டிலை" மாட்டி அப்பா சுற்றுவார், அதற்கும் மசியாவிட்டால் தெருவே கூடித் தள்ளும். ஆரப்பாளையத்தில் பட்டறை வைத்திருந்த காதர் அண்ணன்தான் அதற்கு வைத்தியர். "அண்ணே, ஒங்க வண்டி பெட்ரோல்ல ஓடுற வண்டி இல்ல, அக்கம்பக்கத்து ஆளுகளோட நல்ல மனசுல ஓடுற வண்டி" என்பார். அவர் வாய்க்கு ஆரப்பாளையமே பயப்படும்.

இதையெல்லாம் நாங்கள் பொறுத்துக்கொண்டோம். பழைய வண்டி என்றால் அப்படித்தான். பொறுக்க முடியாதது பெரியப்பா.

அவருக்குச் சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது, சொந்தமாக மாட்டு வண்டியும் இருந்தது, ஆனால் தம்பி கார் வாங்கிய நாளிலிருந்து மாட்டு வண்டி அவருக்குப் பிடிக்காமல் போய்விட்டது. சனிக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்குவார், காபி குடிப்பார், ஆணியில் தொங்கும் சாவியை யாரையும் கேட்காமல் எடுப்பார். "தம்பி வண்டின்னா என்ன, என் வண்டின்னா என்ன" என்பது அவர் வேதம். ஈரச் சாக்கில் சுற்றிய வெற்றிலைக் கட்டுகளைப் பின்சீட்டில் அடுக்கி, வாடாமல் இருக்க வழி நெடுகத் தண்ணீர் தெளித்து, மதுரைக் கடைகளில் இறக்குவார். அந்தத் தண்ணீர் சீட்டில் இறங்கி, தரைத் தகரத்தில் தேங்கி, தகரத்தையே தின்றது. ஒரு வருஷத்துக்குள் என் காலடியில் கையகல ஓட்டை விழுந்து, ஓடும்போது ரோடு தெரிந்தது. மற்ற பிள்ளைகள் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தார்கள், நான் கால் வழியாகப் பார்த்தேன்.

அம்மா கேட்டபோதெல்லாம் அப்பா சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "அண்ணன் கேட்டு தம்பி இல்லன்னு சொன்னா குடும்பம் வெளங்காது." அண்ணன் கேட்கவே இல்லை, எடுத்துக்கொண்டு போனார் என்பது அப்பாவுக்குத் தெரியாதா? தெரியும். தாத்தாவைப் பார்க்க அம்மா புடவை மாற்றிக்கொண்டு நின்ற எத்தனையோ சனிக்கிழமைகளில் கார் சோழவந்தானில் நின்றது. அம்மா புடவையை மடித்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போவாள். பாத்திரங்கள் மட்டும் சத்தம் போடும்.

ஒரு சித்திரை மாதம், பெரியப்பா காரைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வழக்கத்துக்கு மாறாகக் காபிகூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டார். மறுநாள் காலையில் தந்தி வந்தது, தாத்தாவுக்கு ரொம்ப முடியவில்லை என்று. அந்தக் காலத்தில் தந்தியில் அப்படி வந்தால் எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் அர்த்தம், பெற்ற மகளுக்கு அதை நேராக எழுதமாட்டார்கள். காலை பஸ் போய்விட்டிருந்தது. "அதுனாலென்ன, கார் இருக்குல்ல" என்றார் அப்பா.

நத்தம் ரோட்டில் பாதி தூரம் போவதற்குள் முன்னாலிருந்து ஆவி கிளம்பியது. அப்பா வண்டியை ஓரம் கட்டி, துண்டைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகினார். மூடி எகிறியது. உள்ளேயிருந்து வந்தது தண்ணீர் இல்லை, மஞ்சள். கொழகொழவென்று, கொதிக்கக் கொதிக்க, மஞ்சள் குழம்பாகப் பொங்கி வழிந்து அப்பாவின் கையைச் சுட்டது, அம்மாவின் புடவையில் தெறித்தது, ரோட்டில் ஓடியது. சாவு வீட்டுக்குப் போகிற வழியில் கல்யாண வீட்டு வாசம் அடித்தது. அப்பா வெந்த கையோடு ஒரு தோட்டத்துக் கிணற்றுக்கு ஓடித் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார், உள்ளே இறங்கவில்லை. என்ஜின் இறுகிப் பிடித்துக்கொண்டு, ஹேண்டிலைச் சுற்றவும் முடியவில்லை.

அம்மா ரோட்டின் நடுவில் நின்று கையைக் காட்டினாள். நின்றது ஒரு மணல் லாரி, அதுவும் உச்சி தாண்டி. ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் இறங்கி ஊருக்குள் ஓடினோம். எதிரே ஈர வேட்டியோடு ஆண்கள் வந்துகொண்டிருந்தார்கள், குளித்துவிட்டு. அதைப் பார்த்ததும் அம்மா நின்றுவிட்டாள். கூட்டத்தில் ஒரு பெரியவர், "மக வந்துரும், மக வந்துரும்னு எம்புட்டு நேரமா வச்சுருந்தோம் ஆத்தா. வெயிலு தாங்கல, எடுத்துட்டோம்" என்றார். பெண்கள் சுடுகாட்டுக்குப் போகக் கூடாது. அதனால் அம்மா தன் அப்பா முகத்தையும் பார்க்கவில்லை, அவரைப் புதைத்த மண்ணையும் பார்க்கவில்லை. தலையில் தண்ணீர் ஊற்றினார்கள், திரும்பி வந்தோம்.

காதர் அண்ணன் காரைக் கட்டி இழுத்து வந்து ரேடியேட்டரைப் பிரித்தார். விஷயம் தெரியாமல், "யாருண்ணே இதுக்குள்ள சாம்பார் வச்சது?" என்றார். யாரும் சிரிக்காததைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். ரேடியேட்டர் ஒழுகினால் ஒரு சிட்டிகை மஞ்சள் தூள் போட்டு ஓட்டையை அடைப்பது அப்போது லாரிக்காரர்கள் வழக்கம். பெரியப்பா வண்டியை எதிலோ இடித்து ஓட்டை போட்டிருக்கிறார், அதை மறைக்க வீட்டில் இடித்து வைத்திருந்த மஞ்சளை அள்ளி அள்ளிப் போட்டிருக்கிறார், மேலே கொடிக்கால் வாய்க்கால் தண்ணீரையும் சேற்றோடு ஊற்றியிருக்கிறார். அடுத்த சனிக்கிழமை பெரியப்பா வந்தபோது அப்பா முதல்முறையாகத் தலையை நிமிர்த்திக் கேட்டார். அதற்கு அந்த மனிதர் சொன்ன பதில் வார்த்தைக்கு வார்த்தை எனக்கு ஞாபகம் இருக்கிறது. "ஏன்டா, வெசத்தையா போட்டேன்? மஞ்சள்தானடா போட்டேன், மங்களமான பொருள்! கெழவன் சாகுற வயசுல செத்தான், அதுக்கு நான் என்ன பண்ண?"

அம்மா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை. காதர் அண்ணன் என்ஜினைப் பிரித்துச் சேர்த்து வண்டியைத் தேற்றிய வாரமே அவரிடம் போய், "தம்பி, எனக்கு ஓட்டக் கத்துக்குடுங்க" என்றாள்.

வைகையில் தண்ணீர் எங்கே ஓடியது, மணலும் கட்டாந்தரையும்தான். விடிந்ததும் அங்கே பாடம் நடக்கும், நான் பின்சீட்டில். "அக்கா, கிளட்ச்ச மெதுவா மிதிங்க, அது ஒங்க நாத்தனா இல்ல" என்று காதர் அண்ணன் கத்துவார். "நாத்தனான்னு மிதிக்கலப்பா, மூத்தாருன்னு நெனச்சு மிதிக்கிறேன்" என்பாள் அம்மா. பொம்பளை கார் ஓட்டினால் மழை பெய்யாது என்று தெருவில் பேசினார்கள். ஓட்டாதபோது மட்டும் என்ன கொட்டித் தீர்த்ததா?

அடுத்த தை மாதம் பெரியப்பா மகளுக்குக் கல்யாணம். வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்தார். "மாப்பிள்ளை அழைப்புக்கு நம்ம வண்டிதேன். பூ ஜோடிச்சு, கோயில்லருந்து மண்டபம் வரைக்கும், சோழவந்தானே வாயப் பொளக்கணும்" என்றார். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா சிரித்த முகமாக, "தொடச்சு வைக்கிறேன் மாமா, ஆளுகளை அனுப்புங்க" என்றாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்குப் பயமாக இருந்தது.

அழைப்பு நாள் மத்தியானம் பூக்காரர்கள் வந்து, பானெட் முழுக்கச் சம்பங்கியும் ரோஜாவும், இரண்டு பக்கமும் மல்லிகைச் சரமுமாகக் காரை ஜோடித்துவிட்டுப் போனார்கள். ஓட்டிப்போக வேண்டிய பெரியப்பாவின் மைத்துனர் மூன்று மணி பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு. அதற்கு முன்பே அம்மா நூல் புடவையோடு வெளியே வந்தாள், என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள், ஸ்டியரிங்கைப் பிடித்தாள். அன்றைக்குப் பார்த்து முதல் கனைப்பிலேயே வண்டி கிளம்பியது.

"எங்க போற?" என்றார் அப்பா.

"எங்கப்பனப் பாக்க."

அப்பா போய் கேட்டைத் திறந்துவிட்டார். என் அப்பா வாழ்க்கையில் செய்த வீரமான காரியம் அது ஒன்றுதான், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

மதுரையை அந்தக் கல்யாணக் காரில் நாங்கள் இரண்டு பேரும் கடந்தோம். கோரிப்பாளையத்தில் போலீஸ்காரர் மற்ற வண்டிகளை நிறுத்தி எங்களுக்கு வழிவிட்டார். பையன்கள் கூடவே ஓடிவந்து, "பொண்ணு எங்க? மாப்ள எங்க?" என்று கத்தினார்கள். "மாப்ள சோழவந்தான்ல நிக்கிறாருடா!" என்று நான் திருப்பிக் கத்தினேன். நத்தம் ரோட்டுக் காற்றில் ரோஜா இதழ்கள் பிய்ந்து பறந்தன.

ஊர் எல்லையில் டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். கார் சுடுகாட்டுப் பாதையில் திரும்புவதைப் பார்த்து ஒருவர் குறுக்கே வந்தார். "ஆத்தா, பொம்பளைக அங்கிட்டுப் போகக் கூடாது." அம்மா தலையை வெளியே நீட்டி, "நடந்துதானண்ணே போகக் கூடாது. நான் கார்லல்ல போறேன்" என்றாள். அவர் யோசித்து முடிப்பதற்குள் நாங்கள் போய்விட்டோம்.

தாத்தாவைப் புதைத்த மேடு தட்டையாகி நெருஞ்சி முளைத்திருந்தது. அணைத்தால் திரும்பக் கிளம்பாது என்பதால் என்ஜினை ஓடவிட்டே அம்மா இறங்கினாள். பானெட்டில் கட்டியிருந்த பூவையெல்லாம் பிய்த்துப் பிய்த்து மண்ணில் போட்டாள். "எனக்காக இன்னும் செத்த நேரம் பொறுக்கக் கூடாதாப்பா" என்று சண்டை போடுகிற குரலில் கேட்டாள். பிறகுதான் அழுதாள், அந்த என்ஜின் சத்தத்தையும் மீறி.

சோழவந்தானில் மாப்பிள்ளையை டிராக்டரில் ஏற்றினார்களாம். "ஏன் சம்பந்தி, மாப்பிள்ளைய உழுகவா கூட்டிட்டுப் போறீக?" என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டதில் பெரியப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டாராம். கேள்விப்பட்டபோது இனித்தது. இப்போதும் இனிக்கிறது. கல்யாணப் பெண் பாவம் இல்லையா என்று கேட்பீர்கள். பாவம்தான். என் அம்மாவும் பாவம்தான். மறுவாரம் வாசலில் வந்து நின்று பெரியப்பா குதித்தபோது அம்மா, "நானும் ஒங்கள மாதிரி நல்லதுக்குத்தேன் மாமா பண்ணேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. எண்பதுகளில் அவர் செத்தபோது அப்பா மட்டும் பஸ்ஸில் போய்விட்டு வந்தார். கார் வாசலில் நன்றாகத்தான் நின்றது.

அந்தக் கார் பிறகு காயலான் கடைக்குப் போயிற்று. ஆரப்பாளையம் பட்டறை இருந்த இடத்தில் செல்போன் கடை, கொடிக்கால் இருந்த இடத்தில் பிளாட் கற்கள், அப்பாவும் அம்மாவும் இல்லை. நான் சொந்தமாக ஒரு கார் வைத்திருக்கிறேன், சாவியை மட்டும் யாருக்கும் கொடுப்பதில்லை. போன மாதம் பெரியப்பாவின் மகன் வழிப் பேரன் தன் கல்யாணப் பத்திரிகையோடு வந்தான், பழசெல்லாம் தெரியாத பையன். காபி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். வாசலில் நின்ற காரை அவன் ஒரு தடவை பார்த்தான். கேட்பான், கேட்கட்டும் என்று காத்திருந்தேன். அப்பா வாழ்நாளெல்லாம் சொல்லாமல் விழுங்கிய அந்த "இல்லை" என் நாக்கு நுனியில் வந்து நின்றது.

"மாப்பிள்ளை அழைப்புக்கு வண்டி?" என்று நானே எடுத்துக் கொடுத்தேன்.

"அதெல்லாம் போன்லயே புக் பண்ணியாச்சு அத்தை. இப்பல்லாம் யாரு போய் யாருகிட்ட கார் கேக்குறா?" என்று சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டினான்.