நடுவருக்கு முன்னே நடந்தவர்

மயில்வாகனம் அண்ணர் காலமான செய்தி எனக்கு வந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை பின்னேரம், வேலைத்தலத்தில் மின்மாற்றி ஒன்றைச் சோதித்துக்கொண்டு நின்றேன். தொலைபேசியில் அவருடைய மனைவி பரமேஸ் அக்கா. "தம்பி, அவர் போட்டார்" என்றார். எனக்கு அவசரம். "எங்கை போட்டார்? பயிற்சி ஆறு மணிக்கெல்லோ, ஏன் இப்பவே வெளிக்கிட்டவர்?" என்று கேட்டேன். நம்முடைய பேச்சில் கடைக்குப் போனவரும் போட்டார்தான், உலகத்தை விட்டுப் போனவரும் போட்டார்தான். எனக்கு விளங்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. அக்கா அழாமல் திரும்பவும் சொன்னார். தன் கண்ணாடிக் கடையில் ஒரு கிழவிக்குக் கண் பரிசோதித்துக்கொண்டு நின்றவர், நெஞ்சைப் பிடித்தபடி கதிரையில் இருந்திருக்கிறார். பிறகு எழும்பவில்லை.

அவரை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். மெல்பேர்ணின் நோபல் பார்க் பக்கத்தில் கண்ணாடி போட்ட தமிழர் எல்லோரும் அவருக்கு முன்னால் இருந்து எழுத்துகளை வாசித்தவர்கள்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் லண்டனுக்குப் போய்க் கண் பரிசோதனை படித்தவர், கொழும்பில் சில காலம் கடை வைத்திருந்தவர், இந்த நாடு நம் நிறத்தவருக்கும் கதவைத் திறந்த கையோடு மெல்பேர்ணுக்கு வந்தவர். இறந்தவரைப் பற்றி எழுதினால் அடக்கமானவர், அமைதியானவர் என்று எழுதுவது வழக்கம். அண்ணர் இரண்டுமில்லை. வெள்ளைக் காற்சட்டையை மடிப்புக் குலையாமல் அழுத்திப் போட்டுக்கொண்டு கிரிக்கெட் மைதானத்துக்கு வருவார். வாழ்நாளில் அடித்த ஒரே ஐம்பதை ஆளுக்கு ஆள் புதிதாகச் சொல்லுவார். மயில்வாகனம் என்று சொல்ல நாக்குப் புரளாத அவுஸ்திரேலியர்கள் அவரை 'மைல்ஸ்' ஆக்கினார்கள். ஓட்டம் எடுக்க அவர் காட்டும் பஞ்சிக்கு, அந்தச் சோம்பலுக்கு, அதைவிடப் பொருந்தாத பெயர் கிடையாது.

எங்கள் இலங்கையர் அணி புறநகர்ச் சங்கத்தின் கடைசிப் பிரிவில் ஆடுகிறது. சீமெந்தில் பாய் விரித்த ஆடுகளம். கடைசிப் பிரிவுக்குச் சம்பளம் வாங்கும் நடுவர்கள் வருவதில்லை. துடுப்பெடுத்தாடும் அணியே தன்னுடைய ஆட்கள் இருவருக்கு நடுவர் அணியும் வெள்ளைக் கோட்டைப் போட்டு அனுப்ப வேண்டும். அவர்கள் தங்கள் ஆளுக்கே ஆட்டமிழந்தார் என்று விரலை உயர்த்த வேண்டும். வடிவமைப்பிலேயே பிழையான ஏற்பாடு. எல்லா அணிகளும் கொஞ்சம் கொஞ்சம் ஏமாற்றும். ஆனால் அவுஸ்திரேலியர் விரலை உயர்த்தாவிட்டால், பாவம், கவனிக்கவில்லை. நாங்கள் உயர்த்தாவிட்டால் கள்ளர். முதல் வருடம் இதை எங்கள் முகத்துக்கு நேரேயே சொன்னார்கள். கூடுதலாகச் சொன்னவன் பாரி என்ற வேகப்பந்து வீச்சாளன். குழாய் வேலை செய்கிறவன், வாய்க்குப் பூட்டில்லாதவன். ஆட்டத்தில் தோற்பது எனக்குப் பெரிய காரியமில்லை. எங்கள் வாய்ச்சொல்லை எடுக்காத ஊரில் எப்படி இருப்பது என்பதுதான் உறுத்தியது.

அண்ணரின் காரில் ஏறினால் இங்கிலாந்தில் இறங்க வேண்டியதுதான். படிக்கிற காலத்தில் கையில் காசு மிஞ்சிய போதெல்லாம் அவர் கவுண்டி ஆட்டம் பார்க்கப் போயிருக்கிறார். அங்குள்ள மாவட்டங்கள் தங்களுக்குள் மூன்று நாள் ஆடும் ஆட்டம் அது. கன்டர்பரி மைதானத்தில் எல்லைக்கோட்டுக்கு உள்ளேயே ஒரு 'லைம்' மரம் நிற்குமாம். பந்து அதில் பட்டால் நாலு ஓட்டம். அதைத் தேசி மரம், அதாவது எலுமிச்சை, என்றுதான் அண்ணர் எங்களுக்குச் சொல்லுவார். நாங்கள் கிணற்றடியில் நிற்கும் தேசியை மனதில் வைத்துக்கொண்டு, அந்தக் குளிருக்குத் தேசிக்காய் காய்க்குமோ, பந்து எடுக்கப் போறவனுக்கு முள்ளுக் குத்தாதோ என்று கேட்போம். காய் எதையும் தான் காணவில்லை என்றும் மரம் மட்டும் தென்னையளவு என்றும் சொல்லுவார். எனக்குச் சந்தேகம். அகராதியை எடுத்துப் பார்த்தேன். அது தேசியே அல்ல, வேறொரு பெரிய நிழல்மரம், ஆங்கிலத்தில் பெயர் மட்டும் ஒன்று. அடுத்த சனிக்கிழமை இதைச் சொன்னபோது அவர் ஸ்டியரிங்கை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "பட்டால் நாலுதானே? பிறகென்ன?" என்றார்.

அவர் அடிக்கடி சொன்ன இன்னொரு கதை உண்டு. ஒரு சாரல் நாள். முடிவு வராது என்று எல்லோருக்கும் தெரிந்துபோன ஆட்டத்தின் கடைசிப் பின்னேரம். அண்ணரின் மடியில் புட்டும் சம்பலும் வைத்த தகரப்பெட்டி. பக்கத்தில் பின்னல் பின்னிக்கொண்டு ஒரு கிழவி, தள்ளி நாயோடு ஒரு மனிதர். மற்றக் கதிரைகள் வெறுமை. துடுப்பெடுத்தாடியவன் பெயர் வாங்காத ஒரு சம்பளக்காரன். அடுத்த வருடம் தன்னை வைத்திருப்பார்களோ என்பதே அவனுக்குத் தெரியாது. பந்து மட்டையின் விளிம்பை உரசியது. விக்கெட் காப்பாளர் பிடித்தாரே தவிர வாய் திறந்து ஆட்டமிழப்புக் கேட்கவில்லை. அவன் கையுறையைக் கழற்றிக்கொண்டு, நடுவரின் தீர்ப்பைப் பாராமலே, தன்பாட்டில் வெளியே நடந்துவிட்டான். ஒருவரும் கைதட்டவில்லை. கிழவி தலை நிமிரவுமில்லை. "பாக்க ஆளில்லாத இடத்திலை நடந்தான் பார், அதாலைதான் அவன் எனக்கு மறக்கேல்லை" என்பார் அண்ணர். இங்கிலாந்துக்காரர் எல்லோரும் உத்தமர் என்ற கதை அவரிடம் இல்லை. நூறு அடித்தபின் நடந்து நல்ல பெயர் வாங்கிவிட்டு, பூச்சியத்தில் நிற்கும்போது மட்டும் அசையாத கனவான்களையும் அவர் பார்த்திருக்கிறார். அவர்கள் கணக்குப் பார்த்து நடக்கிறவர்கள் என்று சொல்லிச் சிரிப்பார்.

இந்த எண்பதுகளின் கிரிக்கெட்டை அவர் திட்டிக்கொண்டிருந்தார் என்று நினைக்க வேண்டாம். வண்ணச் சட்டை, இரவு ஆட்டம் எல்லாம் அவருக்குப் பிடித்திருந்தது. எனக்கும் பிடிக்கும். மின் வேலை செய்கிறவனுக்கு விளக்குக் கோபுரம் பிடிக்காமல் போகுமா? தலைக்கு நேரே போடும் வேகப்பந்தைக்கூட அவர் குறை சொன்னதில்லை. "வேகமாப் போடட்டும், மூஞ்சைக்குப் போடட்டும். தெரிஞ்சுகொண்டு தெரியாத மாதிரி நிக்கிறதுதான் எனக்குச் சரிவராது." ஒரு கோடையில் நகரத்துப் பெரிய மைதானத்தில், பியர்த் தகரங்கள் உருளும் வெயில் பக்கத்தில் இருந்தோம். அவுஸ்திரேலியத் துடுப்பாட்டக்காரர் ஒருவர் விளிம்பில் பட்டுப் பிடிபட்ட பிறகும் நடுவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணர் எழும்பி நின்று, அவ்வளவு சனத்துக்கும் நடுவில், "நட ராசா, நட" என்று தமிழில் கூப்பிட்டார். திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். சுற்றியிருந்த வெறிகாரர்கள் தங்கள் வீரனுக்குத்தான் உற்சாகம் கொடுக்கிறார் என்று நினைத்து, அவரோடு சேர்ந்து "நடராசா, நடராசா" என்று கத்தத் தொடங்கினார்கள். ஒருவன் அவருக்கு ஒரு பியரும் கொடுத்தான். அண்ணர் மறுக்கவில்லை.

இனி அந்த ஆட்டம். இரண்டு வருடத்துக்கு முன், பருவத்தின் கடைசிச் சனிக்கிழமை, பாரியின் அணியோடு. வென்றால் மேற்பிரிவு. மேற்பிரிவு என்றால் புல் ஆடுகளம், சம்பளம் வாங்கும் நடுவர்கள். அதாவது எங்களைக் கள்ளர் என்று சொல்ல இனி ஒருவருக்கும் வழியிருக்காது. அதற்காக அந்தப் பருவம் முழுக்க நாய் பாடு பட்டிருந்தோம். கடைசிச் சோடி நிற்கிறது, இன்னும் ஒன்பது ஓட்டம் வேண்டும். பந்தை எதிர்கொள்பவர் அண்ணர். நான் ஆட்டமிழந்து வந்து, வெள்ளைக் கோட்டோடு நடுவராக நிற்கிறேன்.

பாரி ஓடிவந்து போட்டான். அதே நேரம் மைதானத்து வேலியை ஒட்டி டண்டினோங் ரெயில் கடந்துபோனது. பந்து காப்பாளர் கையில். எல்லோரும் கத்தினார்கள். எனக்கு ரெயில் சத்தம் மட்டும்தான் கேட்டது. விளிம்பில் பட்டதையும் காணவில்லை. "நொட் அவுட்" என்றேன். பாரி என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கம்.

அண்ணர் மட்டையைக் கக்கத்தில் வைத்தார். பாரியிடம் "போட்டு வாறன்" என்றார். எப்போது ஆட்டமிழந்தாலும், ஒரு வீட்டிலிருந்து விடைபெறுகிறவர் போல, பந்து போட்டவனிடம் அதைச் சொல்லிவிட்டுத்தான் திரும்புவார். ஆனால் அன்றைக்கு நான் ஆட்டமிழப்புக் கொடுக்கவில்லையே.

"அண்ணை, நில்லுங்கோ. நான் நொட் அவுட் எண்டு சொல்லிப்போட்டன். நடுவர் நானோ, நீங்களோ?"

"நீதான் நடுவர். நீ காணேல்லை, நான் கண்டனான். இதிலை சண்டை எங்கை கிடக்கு?"

"மேற்பிரிவு போகுது, அண்ணை."

"போகட்டும். திங்கட்கிழமை உன்ரை கண்ணைக் கடைக்குக் கொண்டு வா, எஞ்சினியர்."

நடந்துவிட்டார். ஆட்டம் முடிந்தது.

நடுவர் என்று ஒருவரை வைத்துவிட்டு அவருடைய தீர்ப்பை ஆளுக்கு ஆள் திருத்தினால் அது ஒரு ஒழுங்கே அல்ல. என் கருத்து இன்றைக்கும் அதுதான். அவர் இறந்துவிட்டார் என்பதற்காக அதை மாற்றிக்கொள்ளப் போவதில்லை. இரண்டு வருடம் அவரோடு வாதாடினேன். அவரும் விடவில்லை, நானும் விடவில்லை.

ஆனால் அன்று நடந்ததையும் உள்ளபடி சொல்ல வேண்டும். பாய் சுருட்டும்போது பாரி என்னிடம் வந்து, மெய்யாகவே நீ காணவில்லையா என்று கேட்டான். இல்லை என்றேன். என் முகத்தில் இருந்த கோபத்தைப் பார்த்தே அவனுக்கு விளங்கியிருக்க வேண்டும். தன் ஆட்களைக் கூப்பிட்டு, இவன் கள்ளனில்லை, குருடன் என்று அறிவித்தான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்படியாக நாங்கள் மேற்பிரிவுக்கு ஏறாமல், கள்ளர் பிரிவிலிருந்து குருடர் பிரிவுக்கு ஏறினோம். திங்கட்கிழமை கடைக்கும் போனேன். கண்ணில் ஒரு குறையும் இல்லையாம். காதைத்தான் பார்க்க வேண்டும், அது தன்னுடைய துறை இல்லை என்றார் அண்ணர்.

அடுத்த பருவம் அந்தக் கதை எங்களுக்கு முன்னே ஒவ்வொரு மைதானத்துக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. எதிரணிகள் தாங்கள் துடுப்பெடுத்தாடும்போதும் மைல்ஸே கோட்டைப் போடட்டும் என்று கேட்கத் தொடங்கின. களத்தடுப்பில் அவர் நிற்பதும் நிற்காததும் ஒன்றுதான் என்பதால் எங்களுக்கு நட்டமில்லை. எனக்கே ஒரு முறை, விக்கெட்டுக்குப் போன பந்தைக் காலால் மறித்தேன் என்று, எல்.பி.டபிள்யூ கொடுத்தார். அன்று அவருடைய காரில் ஏறாமல் ரெயிலில் வீட்டுக்குப் போனேன். அதற்கடுத்த பருவத்திலும் இதே கூத்து நடந்தது. மற்ற அணிகள் தங்களுக்குள் கொழுவிச் சண்டை பிடித்துக்கொண்டிருக்க, எங்கள் ஆட்டங்களில் கறுத்த மனிதர் ஒருவர் சொன்னதை இருபக்கத்தாரும் ஏற்றுக்கொண்டு ஆடினார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு நிமிரும். அவருக்கும் நிமிரும். அதை அவர் ஒளித்ததில்லை.

செத்தவீட்டுக்குப் பாரி தன் அணியோடு வந்தான், எல்லோரும் கழுத்துப்பட்டி கட்டி. வாசலில் என்னைத் தனியே கூப்பிட்டு, மைல்ஸ் ஆட்டமிழந்து போகும்போது சொல்லுவாரே, அதன் அர்த்தம் என்ன என்று கேட்டான். அவர்கள் இத்தனை காலமும் அது ஏதோ தூஷணம் என்று நினைத்திருந்தார்களாம். போய்விட்டுத் திரும்பி வருகிறேன் என்றுதான் நாங்கள் விடைபெறுவோம், போகிறேன் என்று மட்டும் சொல்வதில்லை என்று சொன்னேன். "அப்ப நாங்கள் திருப்பிச் சொன்னதெல்லாம் மெய்யான தூஷணம்" என்றான் பாரி. பிறகு உள்ளே போய் அக்காவின் கையைப் பிடித்தான். அவன் வாயை மூடிக்கொண்டு நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

போன சனிக்கிழமை அவனுடைய அணியோடுதான் எங்களுக்கு ஆட்டம். நாங்கள் துடுப்பெடுத்தாடினோம். கோட்டை நான் போட்டேன். எங்கள் அணியில் நன்றாக ஆடுகிறவன் நிமல். பாரியின் பந்து அவனுடைய காலில் பட்டது. பாரி என் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் விரித்துக் கேட்டான். பந்து விக்கெட்டில் படுமா, காலோரத்தால் விலகிப் போகுமா என்பது எனக்குத் தெளிவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், தெளிவில்லை. "நொட் அவுட்" என்றேன். என்ன சொல்லப்போகிறான் என்று காத்து நின்றேன்.

"ரைட்டோ" என்றான். இங்கத்தவர்கள் சரி என்பதற்குச் சொல்லும் சொல். பந்தைக் காற்சட்டையில் தேய்த்துக்கொண்டு, அடுத்த பந்தைப் போட நடந்தான்.

அந்தச் சொல்லை நான் உழைத்துச் சம்பாதிக்கவில்லை. எங்கள் அணியில் வேறு ஒருவரும் சம்பாதிக்கவில்லை. மயில்வாகனம் அண்ணர் விட்டுப்போனதில் என் பங்கு அதுதான். நிச்சயமில்லாத ஒரு பந்துக்கு, எங்கள் ஆளுக்குச் சார்பாக, இந்த ஊரில் நான் ஒரு தீர்ப்புச் சொல்லலாம். நம்புவார்கள்.