ஜுவைரியாவின் சாம்பல் படம்

ஜுவைரியாவுக்குக் காலையிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் கூடத்துச் சுவரையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சவூதியில் தமாமிலிருந்து லீவில் வந்திருக்கும் புருஷன் காஜா நவாஸ், திரும்பி வருகிறானா இல்லையா என்று இன்றைக்குள் கம்பெனிக்குச் சொல்லியாக வேண்டும். போகாதீங்க என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான். கேட்க வேண்டியதையெல்லாம் மென்று முழுங்கியே பழகிவிட்டாள்.

வாயில் வராததை வரைந்து கூடத்தில் மாட்டியிருந்தாள். இராமநாதபுரத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கிளியும் மயிலும் போட்டுக்காட்டும் டிராயிங் டீச்சர், வீட்டில் மட்டும் உருவம் போடமாட்டாள். தொழுகிற வீட்டில் கண்ணும் மூக்கும் வைத்த படம் கூடாது என்பது மாமியார் ஹாஃபிஸாவின் கண்டிப்பு. அதனால் வெறும் நிறங்கள்தான். துணி முழுக்கச் சாம்பல் நிறத்தை அழுத்தி அழுத்திப் பூசி, கீழ் மூலையில் நசுங்கினாற்போல் கொஞ்சம் சிவப்பு. சாம்பல், அவன் இல்லாத வீடு; அந்தச் சிவப்பு அவள்தான். இதைவிடப் பட்டவர்த்தனமாக ஒருத்தி எப்படித்தான் சொல்வாள்!

மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூலை முடுக்கெல்லாம் தேடினார். "கண்ணு கிண்ணு ஒண்ணும் இல்ல, அல்ஹம்துலில்லாஹ்" என்று நிம்மதியாக உட்கார்ந்தார். பக்கத்து வீட்டு மலிகா, "வாலிநோக்கத்து உப்பளந்தானேக்கா?" என்றாள். உப்பளமாம், நல்லா பாத்தா போ!

காஜா நவாஸ் படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு நகர்ந்தான். மத்தியானம் சாப்பிட்டுக் கைகழுவி வந்தவன், படத்தைக் கழற்றிச் சுருட்டத் தொடங்கினான்.

"என்ன மச்சான் பண்றீங்க?"

"அங்கன ரூமுல மாட்டப் போறேன்."

அவளுக்குக் குப்பென்று கோபம் ஏறியது. போகாதே என்று வரைந்த படத்தையே மூட்டை கட்டிக்கொண்டு போகிறானாம்!

"வெளங்குச்சு! அது என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாம என்ன?" பாதி சுருட்டியதை விரித்து, சாம்பல் நிறத்தைத் தடவினான். "ஜன்னல் இல்லாத ரூமு. மூலையில நான் கெடக்கேன். நீ எப்ப புள்ள அங்கன வந்து பாத்த?"

ஜுவைரியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷமும் போனில் அவன் ரூமைப் பற்றி வசதியாக இருக்கிறது என்பதைத் தவிர வேறொன்றும் சொன்னதில்லை. பாவி மனுஷன்! அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"இப்புடிக் கெடக்கவா அங்கன போறீங்க? வேணாம். போகாதீங்க மச்சான்."

சொல்லிவிட்டாள். அவன் போனை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"கம்பெனிக்கு மெசேஜ நீயே அடி. எனக்குக் கை வராது."

ஜுவைரியா சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, அவர் வரமாட்டார் என்று அடித்து அனுப்பினாள்.