மூடக் கூடாத கட்டம்

இரண்டு வருடங்களுக்கு முன் தேர்வாய் கண்டிகையில் ஒரு மருந்து குடோனில் லோடிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். செங்கல் சூளை, ஓட்டல், லாரி கிளீனர் என்று சுற்றி அங்கே வந்து சேர்ந்திருந்தேன்.

குடோனிலிருந்து வண்டி வெளியே போக, டேப் என்கிற தொடுதிரைக் கணினியில் கேட் பாஸ் போட வேண்டும். அந்த அதிகாரம் எங்கள் ஷிப்ட் இன்சார்ஜ் மேடத்துக்குத்தான். மற்ற ஷிப்டுகளில் இன்சார்ஜ்கள் பாஸ்வேர்டையே எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். மேடம் அப்படிச் செய்ய மாட்டார். தன் சார்பில் பாஸ் போட, என் பெயருக்கே அனுமதி கொடுப்பார். அது நான்கு மணி நேரம் செல்லும். முடிவதற்குள் புதுப்பித்தால் இன்னும் நான்கு மணி நேரம். விட்டுவிட்டால், மேடமே தன் போனில் பாஸ்வேர்டைப் போட்டுத் திரும்பக் கொடுக்க வேண்டும்.

ஒரு நாள் காலை ஏழு மணிக்கு அனுமதி கொடுத்துவிட்டு, மேடம் மகனின் ஆபரேஷனுக்காகத் திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். "ரெனியூ பண்ண மறந்துடாதப்பா. இன்னிக்கு என்னைத் தேட வெச்சிடாத" என்றார்.

பதினோரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் திரையில் ஆங்கிலத்தில் ஒரு கட்டம் வந்தது. என் போனில் விளம்பரம் வந்தால் மூலையிலுள்ள பெருக்கல் குறியைத் தொட்டு மூடுவேன். புதுப்பிக்கக் கேட்ட அந்தக் கட்டத்தையும் கை அதே பழக்கத்தில் மூடிவிட்டது. பிறகு, டயாலிசிஸ் திரவம் ஏற்றிய நெல்லூர் வண்டிக்குப் பாஸ் போடப் போனால், டேப் மறுத்தது.

அந்த வண்டியின் டிரைவர், சூளூர்பேட்டைக்காரர், எட்டிப் பார்த்தார். "இன்னா நைனா, டேப்புக்கு சாமி வந்துடுச்சா?"

விஷயத்தைச் சொன்னேன்.

"மேடத்துக்குப் போன் போடு."

"புள்ளைக்கு ஆபரேசன் நடந்துகினு இருக்குதுண்ணா. எப்படிப் போடறது?"

"அங்க நெல்லூர்ல டயாலிசிஸ் மெசினுக்குக் காத்துகினு கெடக்கறவனும் எவளோ ஒருத்தி பெத்த புள்ளதான். போடு நைனா."

தப்பு நடந்த இடத்தில் நான் நின்று பழகியதில்லை. திட்டு விழுவதற்குள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். அன்றும் கண் பையைத்தான் தேடியது. ஆனாலும் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"மேடம், கட்டம் வந்துச்சு. நான்தான் மூடிட்டேன்."

"இரு" என்றார். ஒரு நிமிடத்தில் திரையில் மறுபடி என் பெயர் வந்தது. பாஸ் போட்டேன். வண்டி கிளம்பியது.

"மன்னிச்சுக்கோங்க மேடம். வெச்சிடறேன்."

"வெக்காத" என்றார். "உள்ள இட்டுகினு போயி ரெண்டு மணி நேரமாவுது. இங்க நான் ஒண்டியா ஒக்காந்துகினு இருக்கேன். இன்னா ஏத்தறீங்க, சொல்லிக்கினே இரு."

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. அடுத்த வண்டிக்கான அட்டைப்பெட்டிகளின் பெயர்களை எழுத்துக்கூட்டிப் படித்தேன். தப்புத் தப்பாக வந்தது. மேடம் திருத்தினார். ஒரு பெயரை நான் படித்த லட்சணத்துக்குச் சிரித்தும் விட்டார். எத்தனை பெட்டி படித்தேனோ, திடீரென்று "கதவு தொறக்கறாங்க" என்றவர் போனை அணைக்காமலே ஓடினார். தூரத்தில் ஒரு பெண் குரல், "பையன் நல்லா இருக்கான்மா" என்றது. அப்போதுதான் நான் வைத்தேன்.

சொல்லாமல் கொள்ளாமல் நான் விட்டு வந்த இடங்களில், திட்டுவதற்காக இல்லாமல் வேறு எதற்காகவோ யாராவது என்னைத் தேடியிருப்பார்களோ என்று இப்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.