பாஸ் என்ற சொல்

சுவிஸ் நாட்டில், டீட்டிகோன் என்ற ஊரில் நான் நாலாம் வகுப்புப் படித்தபோது, புதிதாக வந்த ஒரு சீனப் பிள்ளையை என் பக்கத்தில் இருத்தினார்கள். அவளுக்கு ஜெர்மன் வராது. ஆங்கிலம் கொஞ்சம் வரும். லண்டன் சித்தியின் பிள்ளைகளோடு கதைத்துப் பழகியதால் வகுப்பில் என்னுடைய ஆங்கிலம்தான் திறம் என்பது ஆசிரியையின் எண்ணம். என்னுடைய எண்ணமும் அதுவே. இடைவேளைகளில் நான் ஒரு சொல்லைச் சொல்லுவேன்; அவள் அதன் அர்த்தங்களைக் கொப்பியில் சீனத்தில் எழுதிக்கொள்வாள். 'பாஸ்' என்ற சொல்லுக்கு இரண்டு கொடுத்தேன்: பந்தை மற்றவருக்குத் தட்டிவிடுவது, சோதனையில் தேறுவது.

இரண்டாவது அர்த்தம் எங்கள் வீட்டில் நாள்தோறும் புழங்கியது. சுவிஸ் பிரஜாவுரிமைக்கான ஜெர்மன் சோதனையில் அம்மா இரண்டு முறை தவறியிருந்தார். முதியோர் இல்லத்தில் வேலை முடித்து வந்ததும் புத்தகத்தைத் திறந்துகொண்டு இருந்துவிடுவார். அந்தப் பிள்ளையின் தாயும் ஜெர்மன் வகுப்புக்குப் போவதாகக் கேள்விப்பட்டிருந்தோம். அவரை நாங்கள் கண்டதில்லை.

ஒருமுறை அவள் ஒரு கிழமை முழுக்கப் பள்ளிக்கு வரவில்லை. திரும்பி வந்த அன்று, கொப்பியைப் பார்த்து, "மை மதர் பாஸ்ட்" என்றாள். முகத்தில் சிரிப்பில்லை. பெருமையை மறைக்கிறாள் என்று நினைத்தேன். எனக்குக் கோபம்கூட வந்தது.

வீட்டில் போய்ச் சொன்னேன். அம்மா திறந்திருந்த ஜெர்மன் புத்தகத்தை மூடி வைத்தார்.

"வந்து ஒரு வருசம்கூட ஆகேல்லை. கெட்டிக்காரிதான்," என்றார். பிறகு, "ஞாயிற்றுக்கிழமை போய் ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு வருவம். எங்களுக்கு எரிச்சல் எண்டு நினைக்கக் கூடாது."

கேசரி கிண்டிக்கொண்டு போனோம். தகப்பன் கதவைத் திறந்தார். அம்மா பெட்டியை நீட்ட, வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த "கங்கிராஜுலேஷன்ஸ்" என்ற சொல்லை நான் உரத்துச் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு இரு கைகளாலும் பெட்டியை வாங்கி, தலை குனிந்து நன்றி சொன்னார். அவருக்குப் பின்னால் மேசையில் ஒரு பெண்ணின் படம். அதன் முன்னால் வெள்ளைப் பூக்கள். அம்மா என் தோளை நோகப் பிடித்தார்.

படி இறங்கும்போதுதான் சொன்னார்: "மனிசி செத்துப்போயிட்டா, பிள்ளை."

இறந்துபோவதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல் உண்டு என்பதும், அதோடு வரவேண்டிய 'அவே' என்ற சின்னச் சொல்லை அவள் விட்டுவிட்டாள் என்பதும் எனக்குப் பின்னாளில்தான் விளங்கின.

மறுநாள் அவள் கொப்பியோடு வந்து, நேற்று நான் வாசலில் சொன்ன 'கங்கிராஜுலேஷன்ஸ்' என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். தகப்பனிடம் கேட்டாளாம், அவர் சொல்லவில்லையாம். நான் பயந்துபோனேன். ஒருவர் செத்தால் அந்த வீட்டுக்காரருக்கு ஆறுதலாகச் சொல்வது என்றேன். அவள் கவனமாக எழுதி, கீழே ஒரு கோடும் போட்டாள்.

கோடை விடுமுறையோடு தகப்பன் அவளைக் கூட்டிக்கொண்டு சீனாவுக்கே திரும்பிவிட்டார். நான் தப்பிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அவள் எந்தச் செத்தவீட்டு வாசலில் நின்று, நல்ல மனத்தோடு, யாரிடம் அந்தச் சொல்லைச் சொல்லப்போகிறாள் என்று யோசிக்க அப்போது எனக்குத் தெரியவில்லை.